கண்ணுக்கும் எழுத்தறிவு வேண்டும்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



"எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று யாராவது கேட்டால் நாம் எழுத்தை மட்டும்தான் நினைக்கிறோம். ஆனால் ஒரு நாளில் எழுத்தைவிடப் படத்தையும் குறியையும்தான் அதிகமாகப் பார்க்கிறோம். தீப்பெட்டியில் படம், செல்போனில் படம், டேங்கர் லாரியின் பின்னால் ஒரு சாய்சதுரம், டிவி செய்தியில் சுழலும் மேகம், சமூக அறிவியல் புத்தகத்தில் வரைபடம். இதெல்லாம் பார்த்தாலே புரிந்துவிடும், தனியாகப் படிக்கத் தேவையில்லை என்று நினைப்பு. அப்படி இல்லை. பார்ப்பது வேறு, படிப்பது வேறு. 1969-ல் ஜான் டெபஸ் என்ற அமெரிக்கர் இந்தத் திறமைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைக் 'காட்சி எழுத்தறிவு' என்று சொல்லலாம். இது குழந்தையிலிருந்து பெரியவர் ஆகும்வரை எப்படி வளர்கிறது, நம்ம ஊர்ப் பக்கத்தில் இது எதற்குத் தேவை என்பதுதான் என் கட்டுரை.

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு அடி தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம் அது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் மங்கல்தான். ஆகவே நாம் எல்லோரும் முதலில் படித்த படம் ஒரு முகம். அது சிரிக்குதா, கோபமா இருக்குதா என்பதைக் குழந்தை பேச்சு வருவதற்கு முன்னாலேயே படித்துவிடுகிறது.

ரெண்டு வயசில் கிறுக்கல். மூணு நாலு வயசில் ஒரு வட்டம், உள்ளே ரெண்டு புள்ளி, வட்டத்துக்குக் கீழே நேரா ரெண்டு கோடு. அதுதான் மனுஷன். வயிறே இருக்காது, தலையிலிருந்தே கால் முளைச்சிருக்கும். பல நாட்டுக் குழந்தைகளும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்களாம். அஞ்சாறு வயசில் பஸ் வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலும் வெளியே தெரியும். என் தம்பி போட் வரைந்தால் போட்டுக்குள்ளே இருக்கும் ஐஸ் பெட்டியும் தெரியும், ஐஸ் பெட்டிக்குள்ளே மீனும் தெரியும். அவன் கண்ணுக்குத் தெரிவதை வரையவில்லை. மனசுக்குத் தெரிந்ததை வரைகிறான்.

அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறோம். அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. 'ஈ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஈ படம், 'யா'வுக்குப் பக்கத்தில் யானை படம். ரெண்டும் ஒரே அளவு! ஈ இவ்வளவு பெருசா என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் இருக்கும் அளவும் நிஜ அளவும் வேறு என்பதை அந்த வயசிலேயே சத்தமில்லாமல் கற்றுக்கொள்கிறோம். இதுதான் 'அளவை' பாடத்தின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. (ஆறாம் வகுப்பில் வரும்போது எல்லோரும் பயப்படுகிற அதே அளவைதான்.)

இன்னொரு வேடிக்கை, டிராயிங் பீரியடில் 'சீனரி'. ரெண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வளைஞ்சு வரும் ஆறு, மேலே நாலு பறவை. எந்த வகுப்பில் பார்த்தாலும் இதே படம்தான். நம்ம பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது? நிலக்கரிக் குவியலைத் தவிர! நமக்குச் சூரியன் கடலிலிருந்துதானே வருகிறது? ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஒருத்தர்கூட சீனரியில் வரைந்து நான் பார்த்ததில்லை. குழந்தையாக இருந்தபோது மனசில் இருந்ததை வரைந்தோம். இப்போது பக்கத்துப் பெஞ்சில் இருப்பதை வரைகிறோம். பத்து வயசுக்கு மேலே "எனக்கு டிராயிங் வராது" என்று பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம். அத்தோடு கூர்ந்து பார்ப்பதும் குறைந்துபோகிறது.

பெரியவர்களுக்கு இந்தத் திறமை கிடையாதா? உண்டு. எங்கள் ஆயாவுக்குக் கைநாட்டுதான். ஆனால் காசிமேட்டில் மீன் எடுக்கும்போது ஒரு கூடையை ஒரு நொடி பார்த்தால் போதும். கண்ணு உப்பலா கண்ணாடி மாதிரி இருக்குதா, உள்ளே குழிஞ்சு வெளுத்திருக்குதா, செவுள் ரத்தச் சிவப்பா இல்லே பழுப்பா – "இது நேத்து மீனு, வேணாம் வா"ன்னு சொல்லிடும். தாத்தா ஆத்துத் தண்ணி மேலே ஓடுற சின்னச் சுருக்கத்தைப் பார்த்து, "மடவை போவுது"ன்னு வீச்சு வலையைத் தூக்கும். நான் அதே தண்ணியைத்தான் பார்த்தேன். எனக்குத் தண்ணிதான் தெரிந்தது.

எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் படத்தை வைத்தே பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. 1951-ல் நம் நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். அந்த நிலையில் 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி, அதன்மேல் ஒரு சின்னம். சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். 1969-ல் மெக்சிகோ நகரத்தில் மெட்ரோ ரயில் தொடங்கியபோது லான்ஸ் வைமன் என்ற ஓவியரைக் கொண்டு நிலையங்களுக்கு ஆளுக்கொரு படம் வரைய வைத்தார்கள். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இறங்கலாம். நம்ம கும்மிடிப்பூண்டி லைனுக்கு இப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? ராயபுரத்துக்கு 1856-ல் கட்டின அந்தப் பழைய ஸ்டேஷனின் தூண்கள். திருவொற்றியூருக்குக் கோபுரம். அத்திப்பட்டுக்கு என்ன போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கும் தெரியாத, நமக்கும் தெரியாத, ஆனால் நம்ம உயிர் சம்பந்தப்பட்ட சில குறிகள் இருக்கின்றன.

முதலாவது புயல் கூண்டு. நவம்பர், டிசம்பர் வந்தால் "எண்ணூர், சென்னைத் துறைமுகங்களில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தியில் சொல்லுவார்கள். பெயர்தான் கூண்டு. பகலில் உயரமான கம்பத்தில் கூம்பு, உருளை ஆகிய வடிவங்களை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கொடி ஏன் ஏற்றக்கூடாது என்று நான் யோசித்துப் பார்த்தேன். கொடி காற்றில் சுருண்டுகொள்ளும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோடு மாதிரி தெரியும். கூம்பை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முக்கோணம், உருளையை எந்தப் பக்கம் பார்த்தாலும் செவ்வகம். கணக்குப் பாடம் கம்பத்தில் தொங்குது! 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டே, 1865-ல், அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. பிறகு மற்ற துறைமுகங்களுக்கும் வந்தது.

மொத்தம் 11 எண்கள். நிறையப் பேர் நினைப்பது, எண் கூடக்கூடப் புயல் பலம் கூடுது என்று. பாதி சரி. பாதி தப்பு.

1-ம் எண்: தூரக் கடலில் மோசமான வானிலை, அது புயலாகலாம். 2-ம் எண்: தூரத்தில் புயல் உருவாகிவிட்டது. இந்த ரெண்டும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கான எச்சரிக்கை. 3-ம் எண்: இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 4-ம் எண்: புயலால் துறைமுகத்துக்கு ஆபத்து வரலாம், ஆனால் கடைசிக்கட்ட நடவடிக்கை எடுக்கும் அளவு இன்னும் இல்லை.

5, 6, 7 மூன்றும் 'அபாயம்' என்ற ஒரே வகுப்பு. 8, 9, 10 மூன்றும் 'பெரும் அபாயம்'. அப்படியானால் 5-க்கும் 6-க்கும் என்ன வித்தியாசம்? பலம் இல்லை, பக்கம்! 5 என்றால் புயல் போகும் பாதைக்கு இடது பக்கத்தில் துறைமுகம் இருக்கும். 6 என்றால் வலது பக்கத்தில். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ ரொம்பப் பக்கத்திலோ புயல் கடக்கும். 8, 9, 10-க்கும் இதே வரிசைதான், புயல் மட்டும் இன்னும் கடுமையானது.

இடது வலது என்பது யாருடைய இடது வலது? இங்கேதான் குழப்பம். நீங்களே புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேற்கே பார்த்து நில்லுங்கள், அப்படியே கரைக்கு நடங்கள். உங்கள் இடது கைப்பக்கம் தெற்கு, வலது கைப்பக்கம் வடக்கு. 5-ம் எண்ணில் துறைமுகம் உங்கள் இடது கைப்பக்கம், அதாவது புயலுக்குத் தெற்கே இருக்கிறது. புயல் நமக்கு வடக்கே கரையைக் கடக்கும். 6-ம் எண்ணில் நாம் புயலின் வலது கைப்பக்கம். புயல் நமக்குத் தெற்கே கடக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம்? நம்ம பூமிப் பாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. டிவியில் செயற்கைக்கோள் படம் காட்டும்போது மேகத்தின் வாலைப் பாருங்கள், தெரியும். அப்படிச் சுற்றும்போது புயலுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். தெற்கே இருப்பவர்களுக்குக் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் தண்ணியைக் கரைக்குத் தள்ளுவது வலது கைப்பக்கத்துக் காற்றுதான். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. எண்ணூர், காசிமேடு எல்லாம் அதற்கு வடக்கே, வலது கைப்பக்கம். புயல் கடந்தது அவ்வளவு தெற்கே என்றாலும் காசிமேடு துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி உடைந்தன. "புயல் மாமல்லபுரத்துலதானே, நமக்கு என்னா?" என்று சொல்பவர்களுக்கு இந்தப் படத்தை வரைந்து காட்டுங்கள்.

11-ம் எண் என்றால் 10-ஐவிடப் பெரிய புயல் இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது, டேங்கர் லாரியில் இருக்கும் சாய்சதுரம். மணலி, எண்ணூர் ரோட்டில் நின்றால் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ டேங்கர் போகும். ஆபத்தான பொருளை ஏற்றும் வண்டியில் அவசரத் தகவல் பலகை வைக்க வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அதில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். அது உலகம் முழுக்க ஒரே எண். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் கேஸ், 1017 குளோரின், 1005 அம்மோனியா. சாய்சதுரத்தில் நெருப்பு வரைந்திருந்தால் தீப்பிடிக்கும். மண்டை ஓடு என்றால் விஷம். ஒரு கையின்மேல் சொட்டு விழுவது போல இருந்தால் அரிக்கும் ஆசிட் வகை. வண்டி கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கக் கிட்டே ஓடுவதற்கு முன் அந்த எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துக்கொண்டு 112-க்குச் சொல்லலாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? தொழிற்சாலைகளில் உயரத்தில் ஆரஞ்சும் வெள்ளையும் கோடு போட்ட பை ஒன்று காற்றில் ஆடும், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. பையின் வாய் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, வால் இருக்கும் பக்கம் போகிறது. வாயு வாலின் திசையில் போகும். நாம் காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். முகத்தில் ஈரத்துணி கட்ட வேண்டும், அம்மோனியா தண்ணீரில் சுலபமாகக் கரையும். ராத்திரியில் பை தெரியாதே என்றால் ஈர விரலைத் தூக்கிப் பார்க்கலாம். இதைத் தாத்தாக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

பார் வரைபடம் பற்றி ரெண்டு வரி. அரையாண்டில் 88 பேர் பாஸ், முழு ஆண்டில் 92 பேர் பாஸ் என்று வைப்போம். அடிக்கோட்டை 0-வில் ஆரம்பித்து வரைந்தால் ரெண்டு தூணும் கிட்டத்தட்ட சமம். 85-ல் ஆரம்பித்து வரைந்தால் ஒன்று 3 கட்டம், மற்றது 7 கட்டம். ரெண்டு மடங்குக்கு மேலே ஏறிப்போன மாதிரி தெரியும். எண் பொய் சொல்லவில்லை, படம் சொல்லுது. போட்டோவும் அப்படித்தான். மழைக்காலத்தில் செல்போனில் வரும் வெள்ளப் படத்தில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, பஸ் என்ன கலர் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எண்ணூர்க் கடற்கரையை அலை மட்டும் தெரிகிற மாதிரியும் எடுக்கலாம், காமிராவைக் கொஞ்சம் திருப்பினால் புகைபோக்கியோடும் எடுக்கலாம். ரெண்டும் நிஜப் படம்தான்.

கடைசியாக வரைபடம். நமக்கு ஒன்பதாம் வகுப்பில் 'நிலவரைபடத் திறன்கள்' என்று பாடம் இருக்கிறது. தலைப்பு, அளவை, திசை, குறிவிளக்கம் என்று நாலும் எழுதினால் மார்க். நான் ஐந்தாவதாக ஒன்று சேர்ப்பேன்: இதில் எது இல்லை?

ஏன் சொல்கிறேன் என்றால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கே அது நடந்திருக்கிறது. 1991-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக்கு வரைந்த திட்டத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பாக இருந்தது. ஆனால் 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கிடைத்த வேறொரு வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கும் மேலான கழிமுகப் பகுதி காட்டப்படவே இல்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. தண்ணி இருக்கிறது, மடவை இருக்கிறது, தாத்தா வலை வீசுகிறார். காகிதத்தில் மட்டும் காணோம். காகிதத்தில் தரை என்று இருந்தால் அங்கே கட்டடம் கட்ட அனுமதி கேட்கலாம். மழைத் தண்ணி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வேறு வழியில் போகாது.

யாரும் வேண்டுமென்றே அழிக்காமலும் ஒரு இடம் காணாமல் போகும். அது அளவை செய்யும் வேலை. கடலோரத் திட்ட வரைபடங்களை 1:25,000 அளவையில் வரைகிறார்கள். அதில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 250 மீட்டர். நம்ம பக்கத்தில் போட் நிறுத்தும் இடம் 20 மீட்டர் அகலம் என்றால் காகிதத்தில் 0.8 மி.மீ. பேனா முனையை வைத்தாலே மறைந்துவிடும்! அதனால்தான் ஊர் அளவில் 1:4,000 வரைபடமும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் அதே 20 மீட்டர் 5 மி.மீ. ஆகிவிடும். அதில் போட்டையே வரையலாம். பெரிய ஊர்ப்பரப்பைக் காட்டும் வரைபடத்தில் நம் இடம் சின்னதாகும், சின்ன ஊர்ப்பரப்பைக் காட்டும் வரைபடத்தில் நம் இடம் பெரிதாகும். ஈயும் யானையும் மறுபடி வந்துவிட்டன பாருங்கள்.

2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் புதிய வரைவு வரைபடத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மீனவர்கள் எழுந்து, எங்கள் ஊரைக் காணோம், வலை காயவைக்கும் இடத்தைக் காணோம் என்று சுட்டிக்காட்டினார்கள். அங்கே பேசியவர்களில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இல்லாததைக் கண்டுபிடிக்க எழுத்து தேவைப்படவில்லை. ஆறு அவர்கள் தலைக்குள் இருக்கிறது. நமக்கு அளவை தெரியும், தாத்தாவுக்கு ஆறு தெரியும். என் யோசனை, சமூக அறிவியல் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் விரித்துக் காட்டுவது. நான் காட்டினேன். "பாடு எங்கே குறிச்சிருக்கு?" என்றுதான் முதல் கேள்வி. முறை வைத்து மீன் பிடிக்கும் இடத்துக்குப் பெயர் பாடு. எந்தக் குறிவிளக்கத்திலும் அதற்கு ஒரு குறி இல்லை. தாத்தா சொல்லச் சொல்ல நான் பச்சைப் பென்சிலால் சின்ன வலை மாதிரி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை 7 இடம்.

பயிற்சி (விடைகளைத் தாளில் எழுதி வகுப்பும் போட்டு, சுவரொட்டி இதழுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடவும்):

1. பழவேற்காட்டுக்கு வடக்கே புயல் கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடும் புயல் இல்லை. எண்ணூரில் எந்த எண் கூண்டு ஏற்றுவார்கள்? நமக்குக் காற்று கடலிலிருந்து வருமா, தரையிலிருந்து வருமா?

2. 60 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓடை 1:25,000 வரைபடத்தில் எத்தனை மி.மீ.? 1:4,000 வரைபடத்தில்?

3. அத்திப்பட்டு ஸ்டேஷனுக்கு ஒரு படம். மலை வரையக் கூடாது.